பாத்துக்கிட்டிருந்தவர்

அத்தியாயம் பதினான்கு

திங்கட்கிழமை காலை ஆறே முக்கால் மணிக்கு, அரியலூரில் அந்த வாடகை வீட்டு முன்னறையில் மூன்று பேர் இருந்தார்கள். கதவை ஒட்டிக் கிடந்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில், செருப்பைக்கூடக் கழற்றாமல், அறிவரசன். கட்டிலின் கால்மாட்டில், கட்டுப் போட்ட இடது முழங்கையை மடியில் ஏந்திக்கொண்டு, மணிவேல். இருவருக்கும் நடுவே தரையில், தையல் மெஷினின் மரமூடியைக் கவிழ்த்து மேஜையாக்கிக்கொண்டு, வெற்றிச்செல்வி.

மூடியின் மேல் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று, சுண்ணாம்புக்கல் குவாரிக் கம்பெனியின் ஹைதராபாத் தலைமை ஆபீஸிலிருந்து போன திங்கட்கிழமை வந்த மெமோ. இன்னொன்று, அதற்குக் காரணமான கடிதத்தின் நகல். அந்தக் கடிதத்தை எழுதியது அவள்தான்.

பதினெட்டு நாளைக்கு முன்னால், மணிவேல் கேட் வாட்ச்மேனாக இருக்கிற அந்தக் குவாரியில், லோடுமேன் சின்னதுரை லாரி மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இடுப்பில் பெல்ட் மாட்டாமல் யாரும் லோடு மேல் ஏறக்கூடாது என்பது கம்பெனி விதி. அங்கே இருந்தவன் என்ற முறையில் மணிவேலை அன்றே சஸ்பெண்ட் செய்தார்கள்; அவன் விளக்கமும் எழுத வேண்டியதாயிற்று. தலைமை ஆபீஸில் யாருக்கும் தமிழ் தெரியாது. அதனால் இங்கிலீஷில்.

அன்று சாயங்காலம் மணிவேல் சொன்னது ஒரே வரி. "சின்னதுரை ஏறி விழுந்தான். நான் பாத்துக்கிட்டிருந்தேன்." அவள் அதை அப்படியே இங்கிலீஷாக்கி 'வாட்சிங்' என்று எழுதினாள். மெமோ அந்த வார்த்தையை மட்டும் மேற்கோள் குறிக்குள் போட்டுத் திருப்பி அனுப்பியிருந்தது. ஒரு மனிதன் விதியை மீறி ஏறி விழும்வரை வாட்ச் பண்ணிக்கொண்டிருந்ததாக நீங்களே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். உங்களை ஏன் வேலையைவிட்டு நீக்கக்கூடாது? ஏழு நாளுக்குள் பதில் தபாலில் சேர்க்கப்பட வேண்டும். இன்று ஏழாவது நாள்.

"உங்கிட்ட ஒண்ணு கேக்கறேன் பாப்பா," என்றான் அறிவரசன். அவளுக்கு அண்ணன், குவாரியில் சூப்பர்வைசர், மணிவேலுக்கு அந்த வேலையை வாங்கித் தந்தவனும் அவன்தான். "பெரம்பலூர் கலெக்டர் ஆபீஸ் வாசல்ல உக்காந்து ஊருக்கெல்லாம் மனு எழுதுற. கட்டுன புருசனுக்கு எழுதுன லெட்டர்ல போயி தப்பு விடுவியா?"

"இதோட எத்தனாவது தடவ இதைக் கேக்கற அண்ணே?"

"கேப்பேன். ஹைதராபாத்துல இருக்கறவனுக்கு மாப்ள மூஞ்சி தெரியுமா? பேப்பர்தான் தெரியும். ஒருத்தன் லாரிலேருந்து வுழறான், இவரு கைய கட்டிக்கிட்டு வேடிக்கை பாத்தாருன்னு பேப்பர் சொல்லுது. அவன் என்ன பண்ணுவான்?"

"விடுங்க மச்சான்," என்றான் மணிவேல். "அவ என்ன வேணும்னா பண்ணா?"

"நீங்க சும்மா இருங்க மாப்ள. இந்தா பாரு பாப்பா, வேற ஒண்ணும் நீட்டி முழக்காத. 'வாட்சிங்'கை எடுத்துட்டு 'சா'ன்னு போடு. 'ஐ சா'. சட்டுனு கண்ணுல பட்டுச்சு, முடிஞ்சிது. எழுத எழுத அவன் நூல் புடிச்சிக்கிட்டே வருவான்."

சொல்லிவிட்டு எழுந்தான். வாசலில் பைக்கை உதைக்கும்போது மறுபடி தலையைத் திருப்பி, "சா!" என்று ஒரு விரலைக் காட்டினான்.

மணிவேல் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தான். அவன் எப்போதுமே பேச்சில் சிக்கனம். இந்தப் பதினெட்டு நாளில் அதுவும் குறைந்துவிட்டது. தினமும் காலையில் குளித்துவிட்டு எங்கேயோ கிளம்பிவிடுவான், சாயங்காலம்தான் திரும்புவான். சஸ்பெண்டில் இருக்கிறவனுக்கு எங்கே என்ன வேலை என்று அவள் கேட்கவில்லை. முழங்கைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, செந்துறை ரோட்டில் பைக் சறுக்கிவிட்டது என்றான். அதற்கு மேல் கேட்கவும் அவளுக்குத் தெம்பு இல்லை.

"கையெழுத்து மட்டும் வேணும். சாயங்காலம் நேரத்தோட வந்துருங்க," என்றாள்.

"ம்."

"எங்க போறீங்க?"

"இங்கதான்."

அவள் டிபன் பாக்ஸை மூடினாள். ஏழரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

*

பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தும் தூக்கம் வரவில்லை.

இங்கிலீஷ் அவளுக்கு அண்ணன் வாங்கிக் கொடுத்த சொத்து. அப்பா மாயவன் போனபோது அவள் ஆறாவது, அறிவரசன் பத்தாவது. அந்த வருசமே அவன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு லாரியில் கிளீனராக ஏறினான். முதல் மாதம் வந்ததும் அவளுக்கு வாங்கிக் கொடுத்தது ஒரு இங்கிலீஷ் இலக்கணப் புத்தகம், பச்சை அட்டை. லாரிக்குப் போகாத நாளெல்லாம் அவளைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவான். வழியெல்லாம் ஒப்பிக்க வேண்டும்.

"சீ?"

"சீ, சா, சீன்."

"கோ?"

"கோ, வென்ட், கான்."

தப்புச் சொன்னால் பிரேக் போட்டு இறக்கிவிட்டுவிடுவான். அடுத்த மைல்கல் வரைக்கும் நடக்க வேண்டும். அவனுக்கு அந்தப் புத்தகத்தில் பாதி புரியாது. இருந்தாலும் விரலை வைத்துக்கொண்டு சரிபார்ப்பான்.

அதே விரலைத்தான் இன்று காலையில் வாசலில் நின்று காட்டினான்.

*

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். பெரம்பலூர் கலெக்டர் ஆபீஸ் எதிரில், வேப்பமரத்தடியில், ஜெராக்ஸ் கடையை ஒட்டி அவள் மேஜை. எட்டே முக்காலுக்கே ஏழு பேர் காத்திருந்தார்கள்.

முதலில் வந்தவர் மக்காச்சோளம் போட்டவர். "வி.ஏ.ஓ. வந்து பயிரைப் பாத்தாருங்கம்மா. ஆனா எழுதல."

"பாத்தாரா, பார்வையிட்டாரா?"

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

"ஒண்ணு இல்லீங்க. ரோட்டுல போறப்ப தலையைத் திருப்புனா பாத்தாரு. வரப்புல எறங்கி நின்னு, நோட்டுல எழுதிக்கிட்டாருன்னா பார்வையிட்டாரு. எறங்குனாரா?"

"எங்க எறங்குனாரு! வண்டியைக்கூட நிறுத்தல."

"அப்ப 'பார்வையிடவில்லை'ன்னு எழுதறேன். எந்தத் தேதி? எத்தனை மணி? கூட யாரு இருந்தா?"

மனு எழுத வருகிற யாரையும் பதினொரு கேள்வி கேட்காமல் அவள் பேனாவைத் திறப்பதில்லை. தேதி, நேரம், இடம், தூரம், பெயர். பெயரில்லாத புகாரை அவள் எழுதவே மாட்டாள்; 'சிலர்' என்று போட்டால் ஆபீஸில் அதைப் படிக்கிறவர்களுக்கு வேலை மிச்சம் என்பாள்.

அந்த மனிதருக்கு வரிசை எண் போட்டுக் கொடுக்கும்போது அவளுக்குச் சுருக்கென்றது. முன்பின் தெரியாதவருக்குப் பதினொரு கேள்வி. புருசனுக்கு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவன் ஒரு வரி சொன்னான்; இவள் ஒரு வரி எழுதினாள்.

கூட்டம் குறைந்ததும் ஜெராக்ஸ் கடை நர்மதா கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டே கேட்டாள். பி.ஏ. இங்கிலீஷ் முடித்தவள், இரண்டு வருசமாக வங்கித் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறாள். "என்னக்கா, அந்த லெட்டர் இன்னிக்குத்தானே கடைசி?"

"ஆமா. நீ சொல்லு. சீ, லுக், வாட்ச். மூணுக்கும் என்ன வித்தியாசம்?"

நர்மதா போனில் தமிழாக்கம் பண்ணுகிற ஆப்பைத் திறந்து மூன்றையும் ஒவ்வொன்றாக அடித்தாள். மூன்று தடவையும் அது 'பார்' என்றது.

"இதுக்கு நாலு ஜி.பி. வேற," என்று போனைக் கவிழ்த்தாள் நர்மதா. "இல்லக்கா, நான் சொல்றேன். தானா கண்ணுல படுதுன்னா சீ. 'ஏய், இங்க பாரு'ன்னு கண்ணைத் திருப்புனா லுக். நின்னு, விடாம, அடுத்து என்ன ஆவும்னு பாத்தா வாட்ச். கிரிக்கெட்டை வாட்ச் பண்றோம். பஸ் ஸ்டாண்டுல எங்க மாமியார் என்னை வாட்ச் பண்ணும்."

"ஒருத்தர் விழறதை?"

"விழறது சட்டுனு நடக்கறதுல்ல? சீதான். விழறதை வாட்ச் பண்ணேன்னா, பாப்கார்ன் வாங்கிக்கிட்டு உக்காந்த மாதிரி ஆயிடும்க்கா." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சாரிக்கா."

"பரவால்ல. அடி. 'ஐ சா'ன்னே அடி."

நர்மதா அடித்தாள். சின்னதுரை விழுந்ததை நான் கண்டேன், முந்தைய கடிதத்தில் வாட்சிங் என்றது மொழிப் பிழை, மன்னிக்கவும். ஆறு வரி. பிரிண்ட் சூடாக வந்தது. வெற்றிச்செல்வி படித்துப் பார்த்தாள். பழுது சொல்ல ஒன்றுமில்லை.

ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. போனை எடுத்து மணிவேலைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, அன்னைக்கு நீங்க எங்க நின்னீங்க?"

"எதுக்கு இப்ப?"

"லெட்டருக்குத்தான். சொல்லுங்க. கேட்டுலயா?"

"இல்ல. லாரிகிட்ட."

"எவ்ளோ தூரம்?"

"கீழ. ஒட்டி."

"எவ்ளோ நேரம் நின்னீங்க?"

"இருக்கும் ஒரு கால் மணி நேரம்."

பேனா நின்றது. கால் மணி நேரம் ஒரு மனிதன் லாரியை ஒட்டி நின்றால், அது சட்டென்று கண்ணில் பட்டதாகுமா?

"கேட்டை விட்டுட்டு அங்க எதுக்குப் போய் நின்னீங்க?"

"பாத்துக்கச் சொன்னாங்க."

"யாரு?"

போனில், அவனுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். இரும்புக் கட்டிலின் கால் தரையில் உரசியது. ஒரு பெண் குரல், "மருந்து சீட்டை இங்க குடுங்க," என்றது.

"நீங்க எங்க இருக்கீங்க?"

"சாயங்காலம் பேசிக்கலாம் செல்வி," என்று மணிவேல் வைத்துவிட்டான்.

அவள் மேஜையை நர்மதாவிடம் ஒப்படைத்தாள். மீதியிருந்த இரண்டு பேரிடமும் கையெடுத்துக் கும்பிட்டு, அடுத்த வாரம் முதல் ஆளாக எழுதித் தருவதாகச் சொல்லிவிட்டு, பன்னிரண்டே கால் பஸ்ஸுக்கு ஓடினாள்.

*

சின்னதுரையைச் சேர்த்திருந்த அரியலூர் அரசு ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு வார்டு மாடியில். வாசலிலிருந்து ஐந்தாவது கட்டில். சின்னதுரையின் வலது காலில் கயிறு கட்டி, கயிற்றின் முனையில் எடை தொங்கவிட்டிருந்தார்கள். கட்டிலோரம் ஸ்டூலில், கட்டுப் போட்ட இடது கையை நெஞ்சோடு அணைத்தபடி, வலது கையால் கஞ்சி டம்ளரைப் பிடித்துக் குடிக்க வைத்துக்கொண்டிருந்தவன் அவள் புருசன்.

அவளைக் கண்டதும் டம்ளர் அப்படியே நின்றது.

தரையில் உட்கார்ந்து எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். "நீதான் வாட்ச்மேன் வூட்டுக்காரம்மாவா? வா தாயி, உக்காரு. நான் பச்சையம்மாள். இவரு சம்சாரம்."

"இவரு எப்பலேருந்து இங்க வராரு?"

"தெனமுந்தான். நான் செந்துறைலேருந்து மாட்டைப் புடிச்சிக் கட்டிட்டு, சோறாக்கி, பஸ்ஸேறி வர்றதுக்கு மத்தியானம் ஆவுது. அதுவரைக்கும் இவருதான் பாத்துக்கறாரு, அப்புறமும் சாயங்காலம்வரைக்கும் நவுற மாட்டாரு. பெட்பேன் வரைக்கும் புடிக்கறாரும்மா. சொந்தத் தம்பிகூடச் செய்ய மாட்டான்."

வெற்றிச்செல்வி மணிவேலைப் பார்த்தாள். அவன் டம்ளரைப் பார்த்தான்.

"அண்ணே," என்றாள் சின்னதுரையிடம். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பையிலிருந்து நோட்டை எடுத்தாள். "உங்ககிட்ட கொஞ்சம் கேக்கணும். அன்னைக்கு எத்தனை மணிக்கு லாரில ஏறுனீங்க?"

"இவரு சொல்லலியா?"

"இவரு சொல்ற ஆளா?"

சின்னதுரை சிரித்தார், சிரிப்பு இடுப்பில் போய்க் குத்த, முகத்தைச் சுளித்தார். "மூணே முக்கா இருக்கும். பெல்ட்டு ஸ்டோர்ல கெடக்கு. ஸ்டோர்காரன் சாவியோட சாப்பிடப் போனவன் திரும்பல. நான் ஏற மாட்டேன்னு உக்காந்துட்டேன். இவருதான் சூப்பர்வைசருக்குப் போன் போட்டாரு. ஸ்பீக்கர்ல போட்டாரு, நானும் கேட்டேன். 'பெல்ட்டுக்குக் காத்துக் கெடந்தா வண்டி நாளைக்குத்தான் போவும். ஏறட்டும். நீங்க கீழ நின்னு பாத்துக்கிட்டிருங்க மாப்ள'ன்னாரு."

நோட்டில் பேனா நகரவில்லை.

"அப்புறம்?"

"ஏறுனேன். இவரு அண்ணாந்தே நின்னாரு. 'அண்ணே, எடது கால்கிட்ட கல்லு உருளுது', 'அண்ணே, கயித்த வுட்டுடாத'ன்னு ஓயாம கத்திக்கிட்டிருந்தாரு. நான் எரிச்சல்ல, 'சும்மா இருய்யா'ன்னுகூடச் சொன்னேன். கடைசி முடிச்சு போடறப்ப சரிஞ்சிட்டேன். தலகீழாத்தான் வந்தேன். மண்டை தரைல படறதுக்கு முன்னால கைய வுட்டாரு பாரு. என் மொத்தப் பாரமும் அந்த முழங்கைலதான்."

வார்டில் மின்விசிறி கடகடத்தது. வெற்றிச்செல்வி அந்த முழங்கையைப் பார்த்தாள். பதினெட்டு நாளாக அதற்குத் துணி மாற்றிக் கட்டியிருக்கிறாள்.

"பைக் சறுக்கிடுச்சின்னீங்க."

மணிவேல் கஞ்சி டம்ளரைக் கீழே வைத்தான்.

"ஏம்மா, ஒண்ணு சொல்லு," என்றாள் பச்சையம்மாள். "இவரு இஷ்டத்துக்கு ஏறி வுழுந்தாருன்னு கம்பெனியில பேசிக்கறாங்களாம். எங்களுக்கு ஒண்ணும் கெடையாதாம். அப்படியா எழுதிக் குடுத்திருக்கீங்க?"

"நான் எழுதுனது..." வெற்றிச்செல்வி பேனாவை மூடினாள். "இவரு வாட்ச் பண்ணிக்கிட்டிருந்தாருன்னு எழுதிட்டேன்க்கா. அது தப்பான வார்த்தையாம். அதுக்குத்தான் வேலையை விட்டுத் தூக்கப் பாக்கறாங்க."

பச்சையம்மாள் எலுமிச்சம்பழத்தையும் கத்தியையும் கீழே வைத்தாள். "இது என்ன கூத்து? வாட்ச்மேனு வாட்ச் பண்ணாம வேற என்ன பண்ணுவாரு? அதுக்குத்தானே அவருக்கு அந்தப் பேரு?"

பக்கத்துக் கட்டில்காரர் உரக்கச் சிரித்துவிட்டார். வெற்றிச்செல்விக்கு அழுகை வந்தது. அதை மறைக்க நோட்டை மூடிக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள்.

*

மணிவேல் பின்னாலேயே வந்தான்.

"அண்ணன்தான் ஏறச் சொன்னான்."

"ம்."

"காலைல நாற்காலியில உக்காந்து எனக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுத்துட்டுப் போறான். 'சா' போடு, வேற எதும் எழுதாதன்னு. நீங்களும் வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்கீங்க."

"எழுதறது நீ செல்வி." அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "உங்கண்ணன் உனக்காகப் படிப்பை விட்டவரு. அவரு பேரை உன் கையால எழுத வைக்கறதுக்கு எனக்கு மனசு வரல. அதான் ஒரு வரியோட நிறுத்திக்கிட்டேன். மீதிய நீயா நல்ல வார்த்தையாப் போட்டுக்குவன்னு நெனச்சேன்."

"நல்ல வார்த்தைதான் போட்டிருக்கேன்," என்றாள். "எனக்கே தெரியாம."

"வேலை போனா போவுது. பெரம்பலூர்ல எங்கயாச்சும் கடைக்கு நிக்கறேன்."

"உங்க வேலை மட்டும்னா 'சா'வையே அனுப்பிடுவேன். ஒரு எச்சரிக்கையோட கேட்டுக்குத் திரும்பிடுவீங்க. அண்ணனும் தப்பிச்சிடுவான்." வார்டின் உள்ளே கை காட்டினாள். "சின்னதுரையண்ணன் தானா ஏறுனாரு, தானா வுழுந்தாருன்னு ஆயிடும். அந்தப் பொம்பளை தெனமும் எலுமிச்சம்பழம் நறுக்கிக்கிட்டு உக்காந்திருக்கும்."

மணிவேல் வார்டுக்குள் ஒரு முறை திரும்பிப் பார்த்தான். பிறகு, "கையெழுத்து எங்க போடணும்?" என்றான்.

ஜன்னல் திண்டின் மேல் நோட்டை விரித்து அவள் எழுதத் தொடங்கினாள். நர்மதா அடித்துக் கொடுத்த பிரிண்டை நாலாக மடித்துப் பையின் அடியில் போட்டுவிட்டாள். இங்கிலீஷ் வாக்கியம் ஒவ்வொன்றையும் மனசுக்குள் தமிழில் சொல்லிப் பார்த்துக்கொண்டே எழுதினாள். என் முந்தைய கடிதத்தில் 'வாட்சிங்' என்று எழுதியது பிழையல்ல. நான் வாட்ச்மேன். என்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்; பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றே முக்கால் மணி முதல் நான்கு மணி வரை, லாரியை ஒட்டி, அண்ணாந்து. மூன்று முறை எச்சரித்தேன். விழுந்தபோது தாங்கினேன், முழங்கை எலும்பு பிசகியது, ஆஸ்பத்திரிச் சீட்டின் நகல் இணைப்பு. போனில் சொன்னதைச் சின்னதுரையும் கேட்டார்.

சொன்னது யார்?

'சிலர்' என்று போடலாம். 'மேலதிகாரி' என்று போடலாம். ஹைதராபாத்காரன் கேட்டால் பிறகு பார்த்துக்கொள்ளலாம். காலையில் மக்காச்சோளக்காரரிடம் அவள் பேசிய பேச்சு காதில் விழுந்தது.

எழுதினாள். எம். அறிவரசன், சூப்பர்வைசர். கல்யாணத்துக்கு முன்னால் அவள் பெயருக்கு முன்னாலும் அதே மாயவனின் 'எம்'தான் இருந்தது.

மணிவேல் கையெழுத்துப் போட்டான். சின்னதுரை படுத்தபடியே சாட்சிக் கையெழுத்துப் போட்டார். பேனா மேல்நோக்கி இருந்ததால் பாதியில் மை வராமல் போய், மறுபடி எழுத வேண்டியிருந்தது.

*

மூன்று ஐம்பதுக்கு அரியலூர் தபால் ஆபீஸ். ஸ்பீடு போஸ்ட் கவுண்டரில் நாலு பேர் முன்னால். கடிதத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள், ஆஸ்பத்திரிச் சீட்டின் நகலோடு உறையில் போட்டாள், ஒட்டவில்லை. ஓரமாக நகர்ந்து அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அனுப்பிட்டியா பாப்பா?" எடுத்ததுமே கேட்டான். பின்னால் லாரி இரைச்சல். "'சா' போட்டுட்டல்ல?"

"இல்லண்ணே. 'வாட்சிங்'தான் சரியான வார்த்தை. அதையே வச்சிட்டேன்."

"உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?"

"நீதான் பாத்துக்கிட்டிருங்கன்னு சொன்ன. ஸ்பீக்கர்ல. சின்னதுரையண்ணனும் கேட்டிருக்காரு. அதையும் எழுதியிருக்கேன். பேரோட."

அவன் எங்கோ ஒதுங்கி நடப்பது தெரிந்தது. இரைச்சல் அடங்கியது.

"என் பேரையா?"

"ஆமா."

"உன் கையாலயா?"

"என் கையாலதான்." குரல் உடையாமல் பார்த்துக்கொண்டாள். "இன்னும் ஒட்டலண்ணே. தபால்ல போடறதுக்கு முன்னாடி உங்கிட்ட சொல்லணும்னுதான் கூப்பிட்டேன். மறைக்கக் கூடாதுல்ல. உனக்கும் மெமோ வரும். வந்தா பதில் நீயும் எழுதணும். ராத்திரி வூட்டுக்கு வா. லாரியை அனுப்பச் சொல்லி உனக்கு மேல எவன் நெருக்குனான், எத்தனை மணிக்குப் போன் பண்ணான், எல்லாத்தையும் சொல்லு. நானே எழுதித் தரேன். உன் லெட்டரையும் நான்தான் எழுதணும்."

அவள் முன்னால் இருந்த வரிசை ஓர் ஆள் குறைந்தது. இன்னோர் ஆள் குறைந்தது.

"பாத்துக்கலாம்," என்றான் அறிவரசன். போனை வைத்துவிட்டான்.

அவள் அந்த வார்த்தையோடு நின்றாள். சரி, வருகிறேன் என்றானா? இனி உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்றானா? உன்னை ஒரு கை பார்க்கிறேன் என்றானா? பச்சை அட்டைப் புத்தகத்தில் அதற்கு ஒரு வார்த்தையும் இல்லை.

"அடுத்தது யாரும்மா?" என்றார் கவுண்டர்காரர்.

கோந்து டப்பாவில் விரலை விட்டு உறையின் வாயில் தடவினாள். உள்ளங்கையால் மூன்று தடவை அழுத்தித் தேய்த்தாள். கோந்து நகக்கண்ணில் ஒட்டியது. உறையைக் கண்ணாடிக்குக் கீழே தள்ளினாள்.

அவர் எடை பார்த்து, பின்கோடைத் தட்டி, ஸ்டிக்கர் ஒட்டினார். "ஹைதராபாத். நாளன்னிக்குக் கெடச்சிடும். அனுப்பறவங்க பேரு?"

"மணிவேல்," என்றாள். "வாட்ச்மேன்."

அவர் உறையைத் திரும்பிப் பார்க்காமல் பின்னால் விட்டெறிந்தார். அது தபால் சாக்கின் விளிம்பில் ஒரு கணம் தயங்கி, உள்ளே விழுந்தது.